தலைப்பெழுத்தில் நம் ஊரைச் சுமந்த சேர்ந்திசை ஆசிரியர் எம்.பி.சீனிவாசன்

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுக் கூடலுக்கு எந்த இசைக்குழுவை அழைப்பது என்று இங்கே நடந்துவரும் உரையாடலை ஒரு மடல் விடாமல் வாசித்து வருகிறேன். மெல்லிசை வேண்டும் என்கிற தம்பிகளின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது; நல்ல கர்நாடகக் கச்சேரி ஒன்று வேண்டும் என்கிற பெரியவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பினரும், மேடையில் யாரோ பாட நாமெல்லாம் கீழே அமர்ந்து கேட்பது என்கிற ஏற்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறார்கள். அந்த ஏற்பாட்டை மாற்றுவதற்காகத் தம் வாழ்நாளின் நல்ல பகுதியைக் கொடுத்த ஒரு மனிதர் இருந்தார். அவர் தம் பெயருக்கு முன்னால் நம் ஊரின் பெயரைத் தாங்கியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது என்று இந்த உரையாடலிலிருந்து புரிந்துகொண்டேன். மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது அவருடைய முழுப்பெயர். திரையுலகமும் இசையுலகமும் அவரை எம்.பி.எஸ். என்றே அழைத்தன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் நம் ஊரில் பிறந்தவர் அல்லர். 1925 செப்டம்பர் 19ஆம் நாள் சித்தூரில் பிறந்தார். படித்ததும் பணியாற்றியதும் பெரும்பாலும் சென்னையில்தான். ஊர் அவருக்குத் தலைப்பெழுத்தாக மட்டுமே வாய்த்தது. நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கும் இன்று அதுதானே நிலைமை? தோஹாவிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்பது தாத்தாவின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்து. ஆகவே அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டென்றே நான் கருதுகிறேன். மானாமதுரை என்றதும் வைகைக் கரை மண்ணில் வனைந்த கடத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். கனமும் கெட்டியான நாதமும் கொண்ட அந்தக் கடம் கச்சேரி மேடைகளில் பெற்ற மதிப்புக்குக் குறையாத மதிப்பை இந்த மனிதரும் பெற்றிருக்க வேண்டும். கேரளம் அவரைக் கொண்டாடுகிற அளவில் ஒரு பங்குகூடத் தமிழ்நாடு கொண்டாடவில்லை என்பது என் வருத்தம். 2025இல் அவருடைய நூற்றாண்டும் வந்து போய்விட்டது.

கல்லூரிக் காலத்திலேயே இடதுசாரி மாணவர் இயக்கத்துக்கு வந்து சேர்ந்த இளைஞர் அவர். பின்னர் டெல்லிக்குச் சென்று, நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகளின் முன்னணித் தலைவராக விளங்கிய ஏ.கே.கோபாலனின் செயலாளராகப் பணியாற்றினார். 1943இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் நாடக மன்றத்தின் கலைஞர்களோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. வங்கத்தின் படகோட்டிப் பாடல்களையும் பஞ்சாபின் கிராமியப் பாடல்களையும் பலர் ஒன்றாக நின்று பாடிக் கூட்டங்களைத் தொடங்கிய காலம் அது. அக்காலத்தில்தான் ஜாஹிதா கிச்லுவை மணந்துகொண்டார். 1919 ஏப்ரலில் அமிர்தசரசில் கைது செய்யப்பட்டு, அந்தக் கைதை எதிர்த்த மக்கள் ஜாலியன்வாலா பாகில் கூடக் காரணமாக இருந்த இரு தலைவர்களில் ஒருவரான சைபுதீன் கிச்லுவின் மகள் அவர். மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட இருவர் அந்தக் காலத்தில் இணைந்து வாழ முடிவெடுத்ததற்கு எவ்வளவு துணிவு தேவைப்பட்டிருக்கும் என்பதை நம் தலைமுறையினருக்கு விளக்க வேண்டியதில்லை.

திரையிசையில் அவர் செய்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். வங்கத்திலிருந்து வந்து சென்னையிலேயே தங்கிவிட்ட ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் இயக்கி 1960இல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு அவர் இசையமைத்தார். ஜெயகாந்தனும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் எழுதிய பாடல்கள் அதில் இடம்பெற்றன. தமிழ்த் திரையுலகம் அவரைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொள்ளவில்லை. மலையாளத் திரையுலகம் பயன்படுத்திக்கொண்டது. 1961 நவம்பர் 14ஆம் நாள், இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரை ஒலிவாங்கியின் முன் நிறுத்தி, சாதி பேதமும் மத துவேஷமும் இல்லாத உலகைச் சொல்லும் நாராயண குருவின் வரிகளைப் பாட வைத்தவர் எம்.பி.எஸ். அந்த இளைஞர்தான் கே.ஜே.யேசுதாஸ், அதுதான் அவருடைய முதல் திரைப்பாடல் பதிவு. பின்னாளில் அடூர் கோபாலகிருஷ்ணனின் படங்கள் பலவற்றுக்கும், கவிஞர் ஓ.என்.வி.குறுப்பின் வரிகளுக்கும் அவர் இசையமைத்தார். கேரள அரசின் சிறந்த இசையமைப்பாளர் விருதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பெற்றார்.

அவர் செய்த இன்னொரு வேலையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலிருந்துதான் சேர்ந்திசைக்கான, அதாவது பலர் ஒன்றாக நின்று வெவ்வேறு வரிகளை இசைந்து பாடும் முறைக்கான, பாதை புறப்படுகிறது என்பது என் எண்ணம். சென்னைத் திரையிசைக் கூடங்களில் வயலினும் தபலாவும் புல்லாங்குழலும் வாசித்த கலைஞர்களுக்கு, ஒரு சங்கம் வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர்களில் முதன்மையானவர் எம்.பி.எஸ். ஒரு பாடல் வெளிவந்தால் பாடகரின் பெயர் தெரியும், இசையமைப்பாளரின் பெயர் தெரியும். அதில் முப்பது பேர் வில் இழுத்திருந்தால் அந்த முப்பது பேரின் பெயரும் எங்கும் இருக்காது. பெயர்தான் இல்லை, கூலியாவது ஒழுங்காக வர வேண்டாமா என்பதுதான் அந்தச் சங்கத்தின் கேள்வி. இசையமைப்பாளர் என்ற முறையில் அவர் ஊதியம் கொடுக்கும் தரப்புக்கு நெருக்கமாக நின்றிருக்கலாம். நின்றிருந்தால் வாய்ப்புகளும் கூடியிருக்கும். அவர் வில் இழுப்பவர்களின் பக்கம் நின்றார். பெயர் தெரியாத பலர் ஒன்றுசேர்ந்து எழுப்பும் ஒலியின் மதிப்பை அறிந்த ஒருவர் அந்த ஒலியை மேடைக்கு முன்னால் கொண்டுவர விரும்பியது இயல்பு.

சென்னையில் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்னும் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை 1970களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கினார். வங்கத்திலும் பம்பாயிலும் 1950களிலேயே இத்தகைய இளைஞர் குழுக்கள் தோன்றியிருந்தன. இசையமைப்பாளர் சலில் சௌத்ரி போன்றவர்கள் அங்கே முன்னோடிகள். தெற்கில் அதை ஒரு நிலையான குழுவாக, ஆண்டுக்கணக்கில் தொடரும் பயிற்சியாக நிலைநாட்டியவர் எம்.பி.எஸ். பாரதியின் கவிதைகளுக்குச் சேர்ந்திசை வடிவம் கொடுத்தார். தமிழோடு பிற இந்திய மொழிப் பாடல்களையும் அந்தக் குழு பாடியது. பொருள் தெரியாத மொழியைக்கூட உச்சரிப்புப் பிசகாமல் பாட வேண்டும் என்பது அந்த முயற்சிக்குள்ளேயே அடங்கியிருந்த ஒரு பாடம்.

இங்கே சிலர், கூட்டமாகப் பாடுவது நமக்குப் புதிதா என்று கேட்கலாம். புதிதில்லை. மார்கழி அதிகாலையில் தெருவைச் சுற்றிவரும் பஜனையும், நடவு வயலில் பெண்கள் எடுக்கும் குலவையும் பாட்டும், கும்மியும், வலை இழுப்போரின் ஏலேலோவும் கூட்டுப் பாடல்களே. ஆனால் அவற்றில் ஒருவர் முன்னே பாட மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். எல்லாருக்கும் மெட்டு ஒன்றுதான். திரைப்படப் பாடலில் வரும் கோரஸோ முன்னணிக் குரலுக்குப் பின்னால் விரிக்கும் கம்பளமாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சேர்ந்திசையில் முன்னணிக் குரல் என்று ஒன்றில்லை. ஒரே நேரத்தில் ஒரு குழு ஒரு வரியையும் இன்னொரு குழு வேறொரு வரியையும் பாடும். இரண்டும் தனித்தனியாகவும் கேட்கத் தக்கவையாக இருக்க வேண்டும், சேர்ந்தாலும் இசைய வேண்டும். தேவாலயப் பாடகர் குழுக்கள் இதை நம் நாட்டில் நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. அதை நம் ராகங்களிலும் நம் கவிதைகளிலும் நம் நாட்டுப்புற மெட்டுகளிலும் செய்வது எப்படி என்பதுதான் எம்.பி.எஸ். எடுத்துக்கொண்ட வேலை.

அது எவ்வளவு கடினமான வேலை என்பதை நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரத் தொடங்கிய பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். முதல் சிக்கல் சுருதி, அதாவது பாடலுக்கு ஆதாரமாக நிற்கும் அடிப்படை ஒலி. தனிக் கச்சேரியில், சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில், ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் தத்தமக்கு வசதியான இடத்தில் நின்று பாடுவார்கள். சேர்ந்திசையில் எல்லாருக்கும் ஒரே சுருதி. அதை ஆண்களுக்கு ஏற்ப வைத்தால் பெண்களுக்குக் கீழ் ஸ்தாயியில் குரல் எழும்பாது. பெண்களுக்கு ஏற்ப வைத்தால் ஆண்கள் மேல் ஸ்தாயியில் கத்த வேண்டிவரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுருதியைப் பிடித்து, மெட்டு மேலே ஏறும்போது பெண்களிடமும் கீழே இறங்கும்போது ஆண்களிடமும் அதைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். அந்தக் கைமாற்றம் கேட்பவர்களுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. நம் இசை ஒற்றை வழியில் செல்லும் இசை. அதன் அழகெல்லாம் கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவதில், இருக்கிறது. தோடி ராகத்தின் காந்தார சுரத்தை ஒரு வித்வான் அசைத்துப் பாடும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது. அதே காந்தாரத்தை நாற்பது பேர் அசைத்தால், நாற்பது அசைவுகளும் ஒரே வேகத்திலும் ஒரே அளவிலும் இருக்காது, சுரம் கலங்கிவிடும். ஆகவே சேர்ந்திசைக்கு எழுதுபவர் எந்தக் கமகத்தைக் காப்பாற்றுவது, எதை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டும். அதற்கு மேல், குரல்களை அடுக்கும்போது ராகம் கெட்டுவிடக் கூடாது. ஐந்து சுரங்களே உள்ள மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச-க-ப என்று மூன்று குழுக்கள் நின்றால் ஒரு நல்ல கூட்டு கிடைக்கும். த-ச-க என்று நின்றால், சற்றே ஏக்கம் கலந்த இன்னொரு கூட்டு கிடைக்கும். அதற்கு அப்பால் மூன்று சுரங்களை அதே முறையில் அடுக்கப் போனால், மோகனத்தில் இல்லாத மத்தியமமோ நிஷாதமோ தேவைப்படும். அவற்றைச் சேர்த்தால் மோகனம் போய்விடும். இருக்கிற ஐந்து சுரங்களுக்குள் இரண்டு கூட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுப்பாடலைக் கட்ட வேண்டும் என்றால், தாளத்தாலும், ஒரு குழு தொடங்கிய வரியை இன்னொரு குழு சற்றுப் பிந்தித் தொடங்குவதாலும், அமைதி விடும் இடங்களாலும்தான் வேறுபாடு காட்ட முடியும். மேற்கத்திய இசையை மட்டும் கற்றவருக்கு இதில் ராகம் தப்பும். கர்நாடக இசையை மட்டும் கற்றவருக்கு அடுக்கு வராது. இரண்டு செவிகளும் உள்ள ஒருவர் தேவை. எம்.பி.எஸ்.ஸிடம் அவை இரண்டும் இருந்தன. நாட்டுப்புறப் பாடலைக் கேட்கும் மூன்றாவது செவி ஒன்றும் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது, மொழி. தமிழில் குறிலை நீட்டினால் சொல் மாறிவிடும்; நாற்பது பேரில் பத்துப் பேர் நீட்டினாலே போதும், பொருள் குழம்பிவிடும். வல்லின ஒற்று இன்னும் கடினம். ‘பாட்டு’ என்று பாடும்போது அந்த டகர ஒற்றில் ஒலி அடைபட்டு நிற்கிறது. எல்லாரும் ஒரே கணத்தில் அடைத்து ஒரே கணத்தில் திறக்காவிட்டால், சட்டியில் சோளம் பொரிவது போலச் சடசடவென்று கேட்கும். மாறாக, மகரத்திலும் னகரத்திலும் முடியும் சொற்கள் சேர்ந்திசைக்குக் கிடைத்த வரம்; வாயை மூடிய பிறகும் நாதம் தொடரும். என் அனுபவத்தில், ஒரு பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது மெட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது வரிகளின் இறுதி எழுத்தைத்தான். பாரதியின் வரிகள் பலர் கூடிப் பாடுவதற்கு அவ்வளவு இசைவாக அமைந்திருப்பதற்கு, வீறு மட்டுமே காரணமில்லை, அவருடைய சொற்கள் வாய்க்குள் புரளும் விதமும் காரணம் என்று நினைக்கிறேன்.

மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனிப் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பாடல் ஒரு கணம் நிற்கும். சேர்ந்திசையில் பாடல் நிற்காமல் ஓட முடியும். ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பாடிக்கொண்டிருந்தால் போதும். அதற்குப் பக்கத்தில் நிற்பவர் எப்போது மூச்சு வாங்குகிறார் என்பதைக் கவனித்துக்கொண்டே பாட வேண்டும். நான் சொல்லித்தரும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான். ஒரே சுரத்தை நாங்கள் நெடுநேரம் அறுபடாமல் பிடித்திருப்போம். அறைக்குள் வந்த பெற்றோர், இத்தனை சிறிய பிள்ளைகளுக்கு இவ்வளவு நீளமான மூச்சா என்று வியந்துபோய் நிற்பார்கள்.

அந்த வகுப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். வந்த புதிதில், எல்லாரும் எந்தச் சுரத்தைப் பாடினாலும் அவன் மட்டும் கீழே ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பான். முன்பு பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஓரிடத்தில், நீ வாயை மட்டும் அசை, சத்தம் வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய தாயார் இதை என்னிடம் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட வேதனையை எழுத இயலாது. மேல்நிலைக்கு வா என்று அவனை அழைப்பதை விட்டுவிட்டு, அவன் நின்ற சுரம் எது என்று சுருதிப் பெட்டியில் தேடிக் கண்டுபிடித்தேன். மற்றப் பிள்ளைகள் எல்லாரையும் அந்தச் சுரத்துக்கு இறங்கி வரச் சொன்னேன். இருபது குரல்கள் அவனுடைய குரலோடு வந்து சேர்ந்ததும் அவன் பாடுவதை நிறுத்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தான். தன் குரல் வேறொரு குரலோடு பொருந்தினால் தலைக்குள் எப்படி ஒலிக்கும் என்பதை அவன் அதற்கு முன் அறிந்ததே இல்லை. அங்கிருந்து எல்லாருமாக ஒரு சுரம் மேலே ஏறினோம்; அவனும் ஏறினான். இன்று அவனை இரண்டு உறுதியான குரல்களுக்கு நடுவில் நிறுத்தினால் கீழ்க்குரல் வரிசையைப் பிசகாமல் பிடிக்கிறான். அவனால் தனியாகப் பாட முடியாது. இன்னும் சில ஆண்டுகளுக்கு முடியாமலே போகலாம். ஆனால் அவன் பாடுகிறான்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சமூகத்தில் பாட்டு வகுப்பு என்பது ஒரு பிள்ளையை அரங்கேற்றத்துக்கு ஆயத்தப்படுத்தும் இடமாக இருக்கிறது. நூறு பிள்ளைகள் சரளி வரிசை என்னும் தொடக்கப் பயிற்சியைத் தொடங்கினால் வர்ணம் வரை வருவோர் சிலரே. மேடை ஏறுவோர் இன்னும் சிலரே. மற்றவர்கள் எல்லாரும், எனக்குப் பாட்டு வராது என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நம் கூடல்களில் இதைச் சொல்லாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தேர்ந்த பாடகர்களை உருவாக்கும் ஆசிரியர்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை, அவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பும் உண்டு. ஆனால் எஞ்சிய அந்தப் பெருங்கூட்டத்தின் ஆசிரியராக இருக்க ஒரு முதல்தர இசைக்கலைஞர் முன்வருவது அரிது. எம்.பி.எஸ். முன்வந்தார். திரைப்படத்துக்கு இசையமைத்தால் பணமும் பெயரும் உடனே வரும். ஒரு சேர்ந்திசைக் குழுவைப் பழக்குவதில் வாரக்கணக்கில் ஒரே எட்டு வரிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். படித்து முடித்து வேலை கிடைத்ததும், திருமணம் ஆனதும், ஊர் மாற்றம் வந்ததும் இளைஞர்கள் விலகிப் போவார்கள். பழக்கிய குரல் போன இடத்தில் பழகாத குரலை வைத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி முடிவே இல்லாத வேலையை ஒருவர் ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்தார் என்றால், கற்பிப்பதில் அவருக்கு இருந்த ஈடுபாட்டுக்கு வேறு சான்று தேவையில்லை.

ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்ரகாரத்தில் கழுதை’ படத்தைப் பார்த்தவர்கள் அவருடைய முகத்தையும் பார்த்திருப்பீர்கள். அதற்கு இசையமைத்ததோடு, தாயை இழந்த கழுதைக்குட்டியைக் காப்பாற்றி வளர்க்கும் கல்லூரிப் பேராசிரியராக நடித்தவரும் அவரே. எல்லாரும் எள்ளி நகையாடும்போது குரல் உயர்த்தாமல் தன் முடிவில் நிற்கும் பாத்திரம் அது. படம் கிடைத்தால் பாருங்கள். 1977ஆம் ஆண்டுக்கான தமிழின் சிறந்த படம் என்ற தேசிய விருதைப் பெற்றது.

1988 மார்ச் 9ஆம் நாள், இசைப் பணிக்காகச் சென்றிருந்த இலட்சத்தீவில் அவர் காலமானார். அறுபத்திரண்டு வயதுதான். அவர் உருவாக்கிய சென்னைக் குழுவை அவரிடம் பயின்றவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். திருவனந்தபுரத்தில் எம்.பி.எஸ். யூத் கொயர் என்று அவர் பெயரிலேயே ஒரு குழு பாடிவருகிறது. ஒரு திரைப்பட இசையமைப்பாளர் மறைந்தால் அவருடைய பாடல்கள் ஒலிநாடாவில் மிஞ்சும். சேர்ந்திசை ஆசிரியர் மறைந்தால் பதிவுகளில் மிஞ்சுவது கொஞ்சமே. அடுக்கை மனத்தில் ஏற்றிக்கொண்ட மாணவர்கள் அதை அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. அந்த மாணவர்கள் அதைச் செய்தார்கள்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். இந்த ஆண்டுக் கூடலுக்கு வெளியிலிருந்து எந்தக் குழுவையும் அழைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, மெல்லிசையும் இருக்கட்டும். அதற்கு முன்னால் அரைமணி நேரத்தை நமக்கே ஒதுக்குங்கள் என்று செயற்குழுவில் உள்ள அண்ணன்மாரையும் அக்காமாரையும் கேட்டுக்கொள்கிறேன். நாமும் நம் பிள்ளைகளும் சேர்ந்து மூன்று பாடல்கள் பாடுவோம். ஒன்று பாரதி, ஒன்று நம் பக்கத்து நடவுப் பாட்டு, மூன்றாவதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். குரல் தேர்வு எதுவும் கிடையாது. பாட்டு வராது என்று சொல்பவர்களைத்தான் முதலில் எதிர்பார்க்கிறேன்.

நாடு நாடாகச் சிதறியிருக்கும் நாம் எப்படிப் பழகுவது என்ற கேள்வி எழும். இணையக் காணொளி அழைப்பில் சேர்ந்து பாட முடியாது. ஒலி போய்ச் சேர ஆகும் சிறு தாமதமே தாளத்தைச் சிதைத்துவிடும். அதனால் ஒவ்வொரு பாடலின் நான்கு குரல் வரிசைகளையும் தனித்தனியாகப் பாடி, பின்னணியில் தம்பூராவும் தாளத் தட்டும் சேர்த்து, இந்தக் குழுவுக்கு அனுப்பிவைக்கிறேன். பெண்களுக்கு இரண்டு வரிசைகள், ஆண்களுக்கு இரண்டு வரிசைகள். பிள்ளைகள் பெண்களின் மேல்வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். காதொலிப்பானில் உங்கள் வரிசையைக் கேட்டபடி பாடிப் பழகுங்கள். அது மனத்தில் ஏறிய பிறகு மற்ற வரிசைகளைக் கேட்டபடி உங்கள் வரிசையைப் பாடிப் பாருங்கள். பக்கத்து வரிசை இழுத்துக்கொண்டு போகாமல் நிற்கக் கற்றுக்கொள்வதுதான் பாதி வேலை. சித்தப்பாமார், பெரியப்பாமார் வயதில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். கீழ்க்குரல் வரிசைக்கு முதிர்ந்த குரலே பொருத்தமானது, அதில்தான் எப்போதும் ஆள் குறைவாக இருக்கும்.

கூடலுக்கு முதல் நாள் மாலையே மண்டபத்துக்கு வந்துவிட இயன்றவர்கள் வாருங்கள். நேரில் நின்று ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுப் பழக அந்த ஒரு மாலையாவது வேண்டும். வர விரும்புவோர் உங்கள் பெயரோடு, பேசும் குரல் தடிப்பா மெல்லியதா என்பதையும், வீட்டில் எத்தனை பிள்ளைகள் சேருவார்கள் என்பதையும் இந்த மடலுக்கு மறுமொழியாக எழுதுங்கள். நம் பக்கத்து நடவுப் பாட்டு நினைவில் உள்ள அம்மாக்களும் ஆச்சிகளும் உங்கள் வீட்டில் இருந்தால், அதைக் கைபேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். குரல் நடுங்கினாலும் வரி மறந்தாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்புங்கள். எந்த இடத்தில் இழுத்து எந்த இடத்தில் விடுகிறார்கள் என்பதைக் கேட்டுத்தான் நான் அடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி